செல்லதுரை, உன் ஜீப்புக்கு வேறு ஆக்சில் போட்டுவிட்டோம்

என் அருமை மாப்பிள்ளை செல்லதுரைக்கு,

நீ இருக்கிற இடத்தில் பாதை எல்லாம் சமமாக இருக்கும் என்று நம்பிக்கொண்டு எழுதுகிறேன். இங்கே அப்படியேதான் இருக்கிறது. போன மழைக்கு வழுக்குப்பாறை இறக்கத்தில் இன்னும் கொஞ்சம் மண் கரைந்து, கல் எல்லாம் பல்லைக் காட்டிக்கொண்டு நிற்கிறது.

உன் ஜீப்பைப் பற்றித்தான் சொல்ல வந்தேன். உன்னைக் கேட்காமல் அதன் அடிப்பாகத்தையே மாற்றிவிட்டேன். கேட்டிருந்தால் நீ என்ன சொல்லியிருப்பாய்? சிரித்திருப்பாயா, சண்டைக்கு வந்திருப்பாயா? எனக்கு இரண்டும் கேட்கிறது.

அன்றைக்கு நடந்தது உனக்குத் தெரியும். நீ தெரிந்துகொள்ளாமல் போன பகுதியையும் சேர்த்துச் சொல்கிறேன். மிளகு மூட்டைகளோடு நீ இறங்கினாய். பின்னால் இரண்டு பேர். இரண்டாவது வளைவில் பின்பக்க ஆக்சில் ராடு முறிந்தது. உன் பழைய ஆக்சிலில் சக்கரம் நிற்பதே அந்த ராடின் நுனியில்தான். வண்டியின் பாரமும் அதன் மேல், சுற்றுகிற வேலையும் அதற்கே. முறிந்ததும் சக்கரம் ராடோடு உருவிக்கொண்டு போய்விட்டது. பிரேக் போட்டால் பிடிக்கவும் அந்தப் பக்கம் ஒன்றும் மிச்சமில்லை.

"குதிங்க, குதிங்க" என்று நீ கத்தியதாக அந்த இரண்டு பேரும் சொன்னார்கள். குதித்தார்கள். இன்றும் இருக்கிறார்கள். நீ ஸ்டீயரிங்கை விடவில்லை. நீ விட்டிருந்தால் வண்டி அவர்கள் விழுந்து கிடந்த பக்கமே திரும்பியிருக்கும் என்கிறார்கள். அதை யோசித்துத்தான் பிடித்துக்கொண்டாயா? யோசிக்க உனக்கு நேரம் இருந்ததா?

முறிந்த ராடை நான் கையில் எடுத்துப் பார்த்தேன். முறிந்த முகத்தில் பாதிக்கு மேல் துருவேறிக் கறுத்திருந்தது. மீதி மட்டும் புதிதாக, வெள்ளி மாதிரி. உள்ளுக்குள்ளேயே அந்த விரிசல் எத்தனை காலமாக வளர்ந்துகொண்டிருந்ததோ. வெளியிலிருந்து யாரும் கண்டுபிடித்திருக்க முடியாது. நீயும், நானும், யாரும்.

பள்ளத்திலிருந்து கயிறு போட்டு இழுத்து, வண்டியை மலையடிவாரத்துக் காளப்பநாயக்கன்பட்டியில் இருக்கும் என் பட்டறைக்குக் கொண்டுவந்து ஒரு மூலையில் தார்ப்பாய் போட்டு மூடினேன். அந்த மூலைப் பக்கம் நான் போவதில்லை. பெயிண்ட் டப்பா அங்கே இருந்தால்கூட வேறு ஆளை அனுப்பித்தான் எடுத்துவரச் சொல்வேன்.

பலாக் காலம் தொடங்கியபோது ஒரு நாள் காலை பஸ்ஸில் பூங்கொடி வந்து இறங்கினாள். என் தங்கச்சி எதற்கும் சுற்றி வளைத்துப் பேச மாட்டாள் என்பது உனக்குத் தெரியாததா? நேரே போய்த் தார்ப்பாயைத் தூக்கிப் பார்த்தாள்.

"அண்ணா, வண்டிய எப்பத் தருவீங்க?"

"எந்த வண்டிய?"

"எங்க வண்டியத்தானுங்க."

"வித்துரலாம் சாமி" என்றேன். "இரும்பு விலைக்காவது போகும்."

"வித்துட்டு? பக்கத்தூர் ஜீப்பு அவங்களுக்குத் தோணுனாத்தான் வருது. போன வாரம் கன்னியம்மாக்காவக் காய்ச்சலோட கட்டில்ல வெச்சுத் தூக்கிட்டுப் போனோம். பாதிப் பலா மரத்தடியிலயே அழுகிக் கெடக்குது. நான் ஓட்டறேன்."

"நீயா?"

"அவரு எனக்குச் சொல்லிக் குடுத்தது உங்களுக்குத் தெரியாதுங்களா? அந்த எறக்கத்துலயே அவரப் பக்கத்துல வெச்சுக்கிட்டு எத்தன வாட்டி ஓட்டியிருக்கேன்."

தெரியும். ஆனால் நீ பக்கத்தில் இருந்தாய் அல்லவா? நான் முடியாது என்று சொன்னேன். கத்தியே சொன்னேன், பட்டறையில் இருந்தவர்கள் திரும்பிப் பார்க்கிற அளவுக்கு. அவள் கோபப்படவில்லை.

"சரிங்ணா. சேந்தமங்கலத்துல வேற பட்டறைல குடுக்கறேன். அவங்க என்ன ஆக்சில் போடுவாங்களோ எனக்குத் தெரியாது. உங்களுக்குத் தெரியும்."



மலைக்கு ஏறி உன் அம்மாவைப் பார்க்கப் போனேன். அத்தை என்னை வா என்றுகூடச் சொல்லவில்லை. சாமை புடைத்துக்கொண்டிருந்தார், முறத்தைக் கீழே வைக்காமலே பேசினார்.

"எம்பையன முழுங்குன வண்டி திரும்ப இந்த ஊட்டு வாசல்ல வந்து நிக்கோணுமா, ராசேந்திரா?"

"பூங்கொடி கேக்கறாளுங்க அத்த."

"அவ கேப்பா. நீ அண்ணனாச்சே. பேத்திக்கு மிச்சம் இருக்கறது அவ ஒருத்தி. அவளையும் அந்த எறக்கத்துல அனுப்பிச்சுட்டு, நான் அந்தப் புள்ளைக்கு என்ன பதில் சொல்லட்டும்?"

திரும்பி இறங்கும்போது வழுக்குப்பாறையில் நின்றேன். ஒரு முடிவுக்கு வந்தேன். கட்டுவேன். ஆனால் ராடு முறிந்தாலும் சக்கரம் கழலாத வண்டியாகக் கட்டுவேன்.

சேலத்தில் பழைய இரும்புக் கடை கடையாக ஏறி இறங்கினேன். கடைசியில் பட்டாளத்து வண்டி ஒன்றின் பின் ஆக்சில் கிடைத்தது. லாரியில் இருக்குமே, அந்த மாதிரி. ஆக்சில் கூட்டின் இரண்டு முனையிலும் தடித்த குழாய் நீட்டிக்கொண்டிருக்கும். அதன் மேல் இரண்டு பேரிங்கில் சக்கரத்தின் ஹப் உட்காரும். பாரம் முழுவதும் குழாயின் மேல். ராடு உள்ளே சுற்றிவிடுவதோடு சரி. அது முறிந்து இரண்டானாலும் சக்கரம் அதன் இடத்திலேயே நிற்கும், பிரேக்கும் பிடிக்கும், முன் சக்கரம் இரண்டும் வண்டியை வீடு சேர்க்கும். நீ இருந்தபோதே இதை நாம் பேசியிருக்கிறோம், "அது நம்ம வண்டிக்கு ரொம்பப் பெருசு மச்சான்" என்று நீ சொன்னாய். பெரிசுதான். ஸ்பிரிங் உட்காரும் இடத்தை அறுத்து, புது இடத்தில் வெல்டு வைத்து, எஞ்சின் பக்கமிருந்து வரும் தண்டு போய்ச் சேரும் கோணம் சரியாக வரும்வரை மூன்று தடவை பிரித்துப் பூட்டினேன்.

அதற்குள் இருந்த பல்சக்கரமும் உன் முன் ஆக்சிலில் இருந்ததும் ஒரே பல் கணக்கு; முன்னும் பின்னும் ஒரே வேகத்தில் சுற்றும். எனக்கு அப்படி ஒரு சந்தோஷம். வேலை முடிந்தது என்று நினைத்தேன். பூங்கொடி வந்து பார்த்தாள்.

"எறங்கறப்ப இது எவ்வளவு வேகத்துல போகும்?"

"முன்னாடி போன மாதிரியேதான்."

"முன்னாடி போன வேகம் ஆகாதுங்ணா. இன்னும் மெதுவாப் போகோணும்."

இங்கேதான் எனக்கும் அவளுக்கும் பெரிய சண்டை. நீ இருந்திருந்தால் நடுவில் புகுந்து தீர்த்திருப்பாய். இதைப் படிக்கிற மற்றவர்களுக்காகக் கொஞ்சம் விளக்கிச் சொல்கிறேன், பொறுத்துக்கொள். எஞ்சினிலிருந்து வரும் தண்டின் நுனியில் சின்னப் பல்சக்கரம். அது ஆக்சிலுக்குள் இருக்கும் பெரிய பல்சக்கரத்தைச் சுற்றும். சின்னதில் எட்டுப் பல், பெரியதில் முப்பத்தொன்பது என்பது நம் வண்டியில் இருந்த கணக்கு. பெரியதில் நாற்பத்துமூன்று உள்ள ஜோடியும் உண்டு. அதைப் போட்டால் எஞ்சின் அதே வேகத்தில் சுற்றினாலும் சக்கரம் இன்னும் மெதுவாகச் சுற்றும். ஏற்றத்தில் திணறாமல் ஏறும். இறக்கத்தில் எஞ்சினே வண்டியைப் பிடித்து நிறுத்தி நிறுத்தி இறக்கும். ஆனால் அந்த ஜோடியில் சின்னச் சக்கரம் இன்னும் ஒல்லி. பாரம் ஏறினால் பல் உடைய வாய்ப்பு அதிகம்.

"உடையற சாமான நான் போட மாட்டேன்" என்றேன். "ஏற்கனவே ஒண்ணு உடைஞ்சது போதும்."

"உடைஞ்சதயே நெனச்சுட்டு இருக்கீங்க. நான் எறங்கறத நெனச்சுட்டு இருக்கேன்" என்றாள். "ஏறும்போது வண்டி நின்னுபோச்சுன்னா எறங்கி நடந்துக்கலாம். எறங்கும்போது நிக்கலீன்னா என்னங்க பண்றது?"

நான் சுத்தியலைக் கீழே போட்டுவிட்டு டீக்கடைக்குப் போய்விட்டேன். அவள் பஸ் ஏறிப் போய்விட்டாள். சில நாள் பேச்சு இல்லை. அந்த நாட்களில் நான் தூங்கியது குறைவு. ஒல்லியான பல் உடைந்து அவள் பள்ளத்தில் கிடப்பது மாதிரி ஒரு நினைப்பு. தடித்த பல்லோடு வண்டி நிற்காமல் ஓடிப் பள்ளத்தில் கிடப்பது மாதிரி இன்னொரு நினைப்பு. இரண்டிலும் முகம் அவளுடையதுதான். எந்தப் பல்லைப் போட்டாலும் அது என் கையால் போட்டதாக இருக்கும். நீ சொல், நீயாக இருந்தால் எதைப் போடுவாய்?

கடைசியில் வழி டயரில் இருந்தது. ஆற்றோரக் கல்லைத் தாண்டப் பெரிய டயர் வேண்டும் என்று அவள் முதலிலேயே சொல்லியிருந்தாள். டவுன் பையன்கள் மலைக்கு ஓட்டிவருகிறார்களே, இடுப்பு உயர டயர் போட்ட ஜீப்கள், அதைப் பார்த்து வந்த ஆசை. டயர் பெரிதானால் ஒரு சுற்றுக்கு வண்டி அதிகத் தூரம் உருளும். மெதுவான பல் போட்ட பலன் பாதி போய்விடும். பல்லின் மேல் விழுகிற முறுக்கும் கூடிவிடும். இதைச் சொல்ல நான் மலையேறிப் போனேன்.

"பெரிய டயர நீ உட்டுரு. மெதுவான பல்லப் போட்டுத் தர்றேன். டயர் சின்னதா இருந்தா அந்தப் பல்லு தாங்கும்."

"கல்லு அடில இடிக்குமேங்ணா."

"இடிக்கட்டும். அடில கனமா தகடு அடிச்சுத் தர்றேன். பாத்து ஓட்டு."

"சரிங்ணா" என்றாள். அவ்வளவுதான் சமாதானம்.

நாற்பத்துமூன்று பல் ஜோடி ஒன்றுதான் கடையில் இருந்தது. "பின்னாடி மட்டும் போட்டு ஓட்டுங்க, சேத்துல ஒண்ணும் தெரியாதுங்க" என்றார் கடைக்காரர். சேற்றில் தெரியாதுதான். பாறையில் முன் சக்கரம் ஒரு வேகத்திலும் பின் சக்கரம் ஒரு வேகத்திலும் சுற்றினால், ஒன்றையொன்று இழுத்து எங்காவது ஓர் இடத்தில் முறியும். இன்னொரு ஜோடி வரும்வரை காத்திருந்தேன். காத்திருந்த நாட்களில் பூங்கொடி போனில் கேட்டுக்கொண்டே இருந்தாள். நான் அவசரப்படவில்லை.

ஓட்டிப் பார்க்கிற நாளும் வந்தது. முந்தின ராத்திரி நல்ல மழை. பாறை பளபளவென்று கிடந்தது. இன்னொரு நாள் பார்க்கலாம் என்றேன்.

"காஞ்ச பாறைல எறங்கிப் பாத்து என்னங்க தெரியப்போகுது? மழைலதான ஆளுங்க வந்து கதவத் தட்டுவாங்க?"

பின்னால் மணல் மூட்டைகளை ஏற்றினோம், நீ ஏற்றுகிற மிளகின் கனத்துக்கு. எஞ்சினை எடுத்தாள். அப்போது அத்தை வீட்டிலிருந்து வந்தார். முன் சீட்டில் ஏறி உட்கார்ந்து, முன்னால் இருந்த கம்பியைப் பிடித்துக்கொண்டார்.

பூங்கொடி எஞ்சினை அணைத்தாள். "எறங்குங்க அத்த."

"நீ ஓட்டு."

"நீங்க எறங்காம வண்டி நகராது. ரெண்டு பேரும் போயிட்டா பாப்பாவுக்கு யாரு?"

"அத நீயும் நெனச்சுக்கிட்டு ஓட்டு" என்றார் அத்தை. பிறகு குரல் தாழ்ந்தது. "அவன் போறப்ப நான் அடுப்படில இருந்தேன் கண்ணு. சத்தங்கூடக் கேக்கல. இன்னொரு வாட்டி அப்படி உக்காந்திருக்க என்னால ஆகாது."

நான் ஏதாவது சொல்வேன் என்று பூங்கொடி என்னைப் பார்த்தாள். நான் வண்டிக்கு முன்னால் போய் நின்றேன். அவள் சாவியைத் திருப்பினாள்.

நான்கு சக்கரத்துக்கும் எஞ்சினின் இழுப்பைக் கொடுத்து, ரொம்ப மெதுவான லோவில் முதல் கியர். நான் வண்டிக்கு முன்னால் பின்நடையாக நடந்து கையால் வழி காட்டிக்கொண்டே இறங்கினேன். முதல் வளைவு நன்றாகப் போனது. எஞ்சின் உறுமியதே தவிர வண்டி ஓடவில்லை. மாடு மாதிரி ஒவ்வொரு காலாக வைத்து இறங்கியது. இரண்டாவது வளைவு வந்தது. அந்த இடத்தை அவளும் பார்க்கவில்லை, நானும் பார்க்கவில்லை. அத்தை மட்டும் தலையைத் திருப்பிப் பார்த்தார்.

அதைத் தாண்டியதும் முன் டயருக்கு அடியிலிருந்து ஒரு கல் தெறித்து அடிப்பாகத்தில் மோதியது. சின்னச் சத்தம்தான். தகட்டில் பட்டிருக்கும் என்று நினைத்தேன். நாலடி தள்ளி, ஈரப் பாறையின் மேல் எண்ணெய் வானவில் மாதிரி பரவுவதைப் பார்த்தேன். பிரேக் ஆயில்.

தலையை நிமிர்த்தினேன். அவள் முகம் மாறியிருந்தது.

"அண்ணா, பிரேக் இல்ல."

அதைக் கத்தாமல் சொன்னாள். உப்பு இல்லை என்று சொல்கிற மாதிரி. நான்தான் கத்தினேன். "கிளட்ச மிதிக்காத! ரெண்டு காலயும் எடுத்துரு! எதையும் மிதிக்காத!"

கிளட்சை மிதித்தால் போச்சு. எஞ்சினின் பிடி விட்டு, மூட்டைகளின் பாரம் வண்டியை உருட்டிக்கொண்டு போய்விடும். பயந்தவன் கால் தானாகத் தேடிப்போவது அந்த இரண்டு பெடல்களைத்தான். அவள் முழங்கால் இரண்டும் மேலே வருவதைப் பார்த்தேன். காலைத் தூக்கி சீட்டின் விளிம்பில் வைத்துக்கொண்டாள்.

வண்டி அதே வேகத்தில் வந்தது. நான் பின்னால் ஒரு அடி வைத்தால் அது ஓர் அடி வரும். அதற்கு மேல் இல்லை. அந்த எஞ்சின் சத்தத்தை நான் மந்திரம் மாதிரிக் கேட்டுக்கொண்டிருந்தேன். அந்த ஒல்லிப் பல் இப்போது உடைந்தால்? அந்த நினைப்பை முழுங்கிக்கொண்டே நடந்தேன்.

கடைசித் திருப்பத்தில் சருகு நனைந்து சோறு மாதிரிக் கிடந்தது. பின் சக்கரங்கள் வழுக்கின. வண்டியின் பின்பக்கம் மெதுவாகப் பள்ளத்தின் பக்கம் நகர ஆரம்பித்தது. அத்தை உன் பெயரைச் சொன்னார். பூங்கொடி காலை இறக்கினாள். பிரேக்கைத் தேடுகிறாள் என்று நினைத்து என் உயிர் போய்விட்டது. அவள் ஆக்சிலேட்டரை லேசாக, ஒரே ஒரு முறை அழுத்தினாள். வழுக்கிக்கொண்டிருந்த சக்கரங்கள் சுற்ற ஆரம்பித்ததும் மண்ணைப் பற்றின. பின்பக்கம் நேரானது. நானாக இருந்தால் அந்த நேரத்தில் வேகத்தைக் கூட்ட என் காலுக்குத் தைரியம் வந்திருக்காது. நீ சொல்லிக் கொடுத்ததா மாப்பிள்ளை? இல்லை, அவளாகவே செய்ததா? இதுவரை நான் கேட்கவில்லை.

கீழே ராகிக் காட்டு ஓரம் வரப்பில் முன் டயரை முட்டவைத்து நிறுத்தினாள். எஞ்சின் அணைந்ததும் அப்படி ஓர் அமைதி. இறங்கி நாலடி நடந்து வரப்பில் குனிந்து வாந்தி எடுத்தாள். அத்தையின் விரல்கள் கம்பியை விட்டு வரவில்லை; நான் ஒவ்வொன்றாகப் பிரித்துவிட்டேன். உடனே இறங்கிப் போய் மருமகளின் நெற்றியைத் தாங்கிப் பிடித்துக்கொண்டார்.

அப்புறம்தான் என்னிடம் கேட்டார். "பிரேக்கு இல்லாமயா எறங்குனோம்?"

"ஆமாங்க அத்த."

"அப்ப எது புடிச்சுது?"

"எஞ்சின்தாங்க. உள்ள இருக்கற பல்லு மெதுவானது. அது புடிச்சுது."

"நீ போட்டதா?"

"போட்டது நான். கேட்டு வாங்குனது உங்க மருமவ. நான் வேண்டாம்னுதான் சொன்னேன்."

அத்தை பூங்கொடியின் பக்கம் திரும்பினார். முந்தானையால் அவள் வாயைத் துடைத்துவிட்டார். "ஊட்டுக்கு நடந்து போலாம் சாமி" என்றார். "வண்டிய அண்ணன் ரிப்பேர் பண்ணிக் கொண்டாரட்டும்." கொண்டாரட்டும் என்றார், செல்லதுரை. அந்த வார்த்தையை வைத்துக்கொண்டு நான் அந்த வரப்பிலேயே உட்கார்ந்து அழுதேன்.

பிரேக் குழாயை ஆக்சிலுக்கு மேலே ஏற்றி இரும்புக் கவசம் போட்டேன். முன்னுக்கு ஒரு லைன், பின்னுக்கு ஒரு லைன் என்று பிரித்தும்விட்டேன். ஒன்று போனால் இன்னொன்று இருக்கும். இப்போது வண்டி ஓடுகிறது. பலா இறங்குகிறது. கன்னியம்மா அக்கா ஆஸ்பத்திரிக்கு உட்கார்ந்தே போய்வந்தார். டவுன் பையன்கள் வந்து வண்டியைச் சுற்றிப் பார்த்து, "ஏனுங்க, இவ்வளவு சின்ன டயரா?" என்று கேட்டார்களாம். உன் பெண்டாட்டி சாவியைத் திருப்பிக் கிளம்பிவிட்டாளாம்.

என் பயம் போய்விட்டது என்று நினைக்காதே. மலைமேல் மேகம் இறங்கினால் எனக்கு வேலை ஓடுவதில்லை. பட்டறையிலிருந்து அந்த எஞ்சின் சத்தம் கேட்காது. கேட்கிற மாதிரியே இருக்கும். அத்தைக்கும் அப்படித்தான். வண்டி கிளம்பும்போதெல்லாம் வாசலுக்கு வந்து நிற்கிறார், ஆனால் வேண்டாம் என்று சொல்வதில்லை.

உனக்கு ஒரு வாக்குத் தருகிறேன். ஒவ்வொரு மாதமும் வண்டி என் பட்டறைக்கு வரும். இரண்டு ஆக்சிலின் எண்ணெயையும் வடித்து வெயிலில் பிடித்துப் பார்ப்பேன். அதில் இரும்புத்தூள் மினுக்கினால், பல் தேய்கிறது என்று அர்த்தம்; வண்டி மலையேறாது. பலா அழுகட்டும், பூங்கொடி என்னோடு பேசாமல் போகட்டும், ஊரே வந்து கேட்கட்டும், ஏறாது. எண்ணெய் சுத்தமாக இருந்தால் சாவியை அவள் கையில் கொடுப்பேன். பயம் இருந்தாலும் கொடுப்பேன். வேண்டாம் என்று இனி ஒருநாளும் சொல்ல மாட்டேன்.

பூங்கொடிக்கு அண்ணன், உனக்கு என்றைக்கும்
மச்சான் ராஜேந்திரன்